சானியா மிர்சாவின் டென்னிஸ் வாழ்க்கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டென்னிஸ் பார்ப்பேன் என்று யாரிடமாவது சொன்னால் போதும், அடுத்த கேள்வி சானியாவைப் பற்றித்தான் வரும். அதுவும் பெரும்பாலும் ஒரே கேள்விகள். "ஒற்றையர்ல என்ன ஜெயிச்சாங்க?" என்பதில் தொடங்கி "எல்லாம் ஹிங்கிஸ் புண்ணியம்" என்பதில் போய் நிற்கும் (இரட்டையரில் சானியாவின் ஜோடியாக ஆடிய சுவிஸ் ஆட்டக்காரர் மார்ட்டினா ஹிங்கிஸைத்தான் சொல்கிறார்கள்). ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தொகுத்தது இது. கேள்விகள் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இருக்கின்றன.

சானியா ஹைதராபாத்தா, மும்பையா?

பிறந்தது மும்பை, 1986 நவம்பர் 15. வளர்ந்தது, ஆடக் கற்றது, இன்றும் சொந்த ஊர் என்று சொல்வது எல்லாம் ஹைதராபாத். ஆறு வயதில் மட்டையைப் பிடித்தார். அப்பா இம்ரான் மிர்சாதான் முக்கியமான பயிற்சியாளர். தொழில்முறை ஆட்டக்காரரானது 2003-இல். அதே ஆண்டு விம்பிள்டன் சிறுமியர் இரட்டையர் பட்டத்தை ரஷ்யாவின் அலிசா கிளெய்பனோவாவுடன் சேர்ந்து வென்றார். அப்போதே முதல் பெரிய கோப்பை இரட்டையரில்தான் வந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

கிராண்ட்ஸ்லாம்ல ஜெயிச்ச முதல் இந்தியப் பொண்ணு சானியாதானே?

ஆஸ்திரேலிய ஓப்பன், பிரெஞ்சு ஓப்பன், விம்பிள்டன், அமெரிக்க ஓப்பன் என்ற நான்கு பெரிய போட்டிகளைத்தான் கிராண்ட்ஸ்லாம் என்கிறோம். அதில் பட்டம் என்றால் ஆமாம். ஒரு ஆட்டம் என்றால் இல்லை. கிராண்ட்ஸ்லாம் ஒற்றையர் பிரதான சுற்றில் ஒரு ஆட்டத்தை முதலில் வென்ற இந்தியப் பெண் நம்ம கோயம்புத்தூர் நிருபமா வைத்தியநாதன். 1998 ஆஸ்திரேலிய ஓப்பனில் இத்தாலியின் குளோரியா பிஸ்ஸிகினியை வீழ்த்தினார். தமிழ்நாட்டிலேயே பலருக்கு இது தெரியாது, எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. சானியா ஆஸ்திரேலிய ஓப்பன் நடக்கும் அதே மெல்பர்னில் 2005-இல் மூன்றாவது சுற்று வரை போனார், அது எந்த இந்தியப் பெண்ணும் அதுவரை போகாத தூரம்.

மொத்தம் எத்தனை கிராண்ட்ஸ்லாம்? ஒருத்தர் மூணுங்கிறார், இன்னொருத்தர் ஆறுங்கிறார்.

இரண்டுமே சரி. பெண்கள் இரட்டையரில் 3, ஆணும் பெண்ணும் ஜோடியாக ஆடும் கலப்பு இரட்டையரில் 3, ஆக 6.

பெண்கள் இரட்டையர் மூன்றும் மார்ட்டினா ஹிங்கிஸோடு: 2015 விம்பிள்டன், 2015 அமெரிக்க ஓப்பன், 2016 ஆஸ்திரேலிய ஓப்பன். கலப்பு இரட்டையரில் 2009 ஆஸ்திரேலிய ஓப்பனும் 2012 பிரெஞ்சு ஓப்பனும் மகேஷ் பூபதியோடு, 2014 அமெரிக்க ஓப்பன் பிரேசிலின் புருனோ சோரஸோடு. தோற்ற இறுதிப் போட்டிகளையும் சேர்த்தால் மொத்தம் 12 இறுதிகள். அந்த மூன்று கிராண்ட்ஸ்லாம்களையும் சேர்த்து, பெண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் அமைப்பான டபிள்யூ.டி.ஏ.வின் கணக்கில் பெண்கள் இரட்டையரில் மொத்தம் 43 பட்டங்கள் இருக்கின்றன.

ஒற்றையர்ல பெரிசா ஒண்ணும் ஜெயிக்கலையே, அப்புறம் ஏன் அந்தக் காலத்துல அவ்வளவு பரபரப்பு?

2005-ஐ நேரில் பார்த்திருந்தால் இந்தக் கேள்வியே வராது. ஜனவரியில் அவர் உலகத் தரவரிசையில் 166, வைல்டு கார்டில், அதாவது தரவரிசை போதாதவர்களுக்கு அமைப்பாளர்கள் தரும் சிறப்பு அனுமதியில், ஆஸ்திரேலிய ஓப்பனுக்குள் நுழைந்தவர். இரண்டு ஆட்டங்களை வென்று செரீனா வில்லியம்ஸிடம் 1-6, 4-6 என்று தோற்றார். செரீனாதான் அந்த ஆண்டு அங்கே பட்டம் வென்றவர். அடுத்த மாதமே சொந்த ஊரில் ஹைதராபாத் ஓப்பன், இறுதியில் உக்ரைனின் அல்யோனா பொண்டரென்கோவை மூன்று செட்டில் வென்று டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் பட்டம் வென்ற முதல் இந்தியப் பெண் ஆனார்.

அதற்கடுத்து துபாய். எதிரே அமெரிக்க ஓப்பன் சாம்பியன் ஸ்வெட்லானா குஸ்னெட்சோவா. முதல் செட்டில் சானியா 0-4, கணுக்காலும் பிசகிவிட்டது. மற்றவர்களாக இருந்தால் அந்த செட்டை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பார்கள். இவர் என்ன செய்தார் என்றால், ஓடி எடுக்க முடியாத நிலையில் வந்த பந்தையெல்லாம் ஃபோர்ஹேண்டில் வெளுத்தார். 6-4, 6-2. அதாவது 0-4க்குப் பிறகு நடந்த 14 கேம்களில் 12 அவருடையது.

செப்டம்பரில் அமெரிக்க ஓப்பனில் நான்காவது சுற்று வரை போய் மரியா ஷரபோவாவிடம் தோற்றார். ஆண்டு முடியும்போது தரவரிசை 31, டபிள்யூ.டி.ஏ.வின் அந்த ஆண்டுக்கான சிறந்த புதுமுக விருதும் அவருக்கு. பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண். கிரிக்கெட்டைத் தவிர வேறு எதையும் முதல் பக்கத்தில் போடாத பத்திரிகைகளெல்லாம் அந்த ஆண்டு டென்னிஸ் ஸ்கோர் போட்டன.

சரி, அதிகபட்சம் 27-ஆவது இடம். 27 எல்லாம் ஒரு சாதனையா?

27-ஆவது இடம் 2007 ஆகஸ்டில் வந்தது. இந்தப் பட்டியல் மாநில அளவிலோ ஆசிய அளவிலோ போடுவதல்ல, உலகம் முழுக்கத் தொழிலாக டென்னிஸ் ஆடும் அத்தனை பெண்களையும் வரிசைப்படுத்தியது. இதில் ஏறத்தாழ முதல் நூறுக்குள் இருந்தால்தான் நான்கு கிராண்ட்ஸ்லாம்களிலும் தகுதிச் சுற்று ஆடாமல் நேரே பிரதான சுற்றுக்குப் போகலாம். முதல் 32க்குள் வந்தால் தரவிதை, அதாவது முதல் இரண்டு சுற்றுகளில் இன்னொரு தரவிதை ஆட்டக்காரர் எதிரே வரமாட்டார்.

ஒப்பிட்டுப் பார்க்க: அவருக்குப் பின் வந்தவர்களில் நன்றாக ஆடிய அங்கிதா ரெய்னா தொட்ட சிறந்த ஒற்றையர் இடம் 160. அங்கிதா லேசுப்பட்டவர் இல்லை, ஆண்டுக்கணக்கில் உழைத்தவர். இடையில் இருக்கும் தூரம் அவ்வளவு.

பெரிய ஆளுங்க யாரையாவது அடிச்சிருக்காங்களா?

குஸ்னெட்சோவாவைச் சொல்லிவிட்டேன். ஸ்வொனரேவா, பார்த்தோலி, சஃபினா, அசரென்கா எல்லோரையும் ஒற்றையரில் ஒரு முறையாவது வென்றிருக்கிறார். எனக்குப் பிடித்தது 2006 செப்டம்பரில் நடந்தது. கொல்கத்தா அரையிறுதியில் ஹிங்கிஸ் இவரை 6-1, 6-0 என்று துவைத்து எடுத்தார், சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால். அடுத்த வாரமே சியோலில் அதே ஹிங்கிஸ் எதிரே வந்தார். முதல் செட் போனது, இரண்டாவது செட்டை 6-0 என்று திருப்பிக் கொடுத்து மூன்றாவதையும் எடுத்தார் சானியா. இந்த இருவரும் ஒன்பது ஆண்டு கழித்து ஒரே பக்கம் நிற்கப் போகிறார்கள் என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

அப்புறம் ஏன் ஒற்றையரை விட்டாங்க?

உடம்பு ஒத்துழைக்கவில்லை. 2008-இல் வலது மணிக்கட்டு போய்விட்டது. பெய்ஜிங் ஒலிம்பிக்கில் முதல் சுற்று ஆட்டத்தின் நடுவிலேயே வெளியேறினார், அந்த ஆண்டு அறுவை சிகிச்சை. பிறகு முழங்கால்களிலும் கத்தி வைக்க வேண்டி வந்தது. அவருடைய ஃபோர்ஹேண்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தோளைவிட மணிக்கட்டின் சுழற்சியில்தான் அந்த வேகமே பிறக்கும். அந்த மணிக்கட்டு கெட்டால் என்ன மிச்சம்?

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒற்றையரில் அவருக்கு இரண்டு ஓட்டைகள் இருந்தன, சர்வீஸும் பக்கவாட்டு ஓட்டமும். எதிராளிகள் இரண்டாவது சர்வீஸை ஏறி அடிப்பார்கள், நீண்ட ரேலியில் மூலைக்கு மூலை ஓடவைப்பார்கள். இரட்டையரில் கோர்ட்டின் மறுபாதியைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் இருக்கிறார், அதனால் இந்த இரண்டு ஓட்டையும் பாதி அடைபடும், ஃபோர்ஹேண்டும் ரிட்டர்னும் முழுசாகப் பயன்படும். 2013 தொடக்கத்தில் இரட்டையர் மட்டும் என்று முடிவெடுத்தார். அப்போது வயது 26. தோல்வியை ஒப்புக்கொண்டு ஒதுங்கியதாக அன்று எழுதியவர்கள் உண்டு. என்னைக் கேட்டால் அவர் எடுத்த முடிவுகளிலேயே இதுதான் புத்திசாலித்தனமானது.

இரட்டையர்னா பாதி கோர்ட்தானே, சும்மா நின்னு அடிக்கிறது?

நின்று அடிக்கும் நேரமே இரட்டையரில் கிடையாது. வலையருகே ஒருவர் நிற்கிறார், அவர் முகத்தைக் குறிவைத்துத்தான் பந்து வரும், எதிர்வினை காட்ட அரை நொடிகூட இருக்காது. ரிட்டர்ன் அடிப்பவர் கொஞ்சம் உயரத்தில் தூக்கிவிட்டால் எதிர்ப்பக்கம் வலையில் நிற்பவர் அதை அங்கேயே முடித்துவிடுவார். அதனால் ரிட்டர்ன் தாழ்வாகவும் வேகமாகவும் குறுக்காகவும் போக வேண்டும். பெண்கள் இரட்டையரில் இதைத் தொடர்ந்து செய்யக்கூடியவர்களில் முன்வரிசையில் இருந்தவர் சானியா. எதிரணியின் சர்வீஸை முறிப்பதில், அதாவது அவர்கள் சர்வீஸ் போடும் கேமைப் பறிப்பதில்தான், அவருடைய கூட்டணிகள் வாழ்ந்தன.

விதிகளும் வேறு. டபிள்யூ.டி.ஏ. போட்டிகளில் இரட்டையருக்கு 40-40 வந்தால் அட்வான்டேஜ் கிடையாது, ஒரே புள்ளியில் கேம் முடியும். செட் ஒன்றுக்கு ஒன்று என்றானால் மூன்றாவது செட்டுக்குப் பதில் டை-பிரேக் என்ற, 10 புள்ளிக்கு ஆடும் தீர்மான ஆட்டம். நல்ல ஜோடியும் இரண்டு தப்புப் பந்தில் வீட்டுக்குப் போகலாம். இப்படிப்பட்ட அமைப்பில் தொடர்ந்து வெல்வது எவ்வளவு சிரமம் என்று யோசியுங்கள். நம் ஊரில் இரட்டையர் ஆட்டக்காரர்களைப் பக்கவாத்தியம் மாதிரித்தான் பார்க்கிறார்கள், அதுதான் பிரச்சினை.

ஹிங்கிஸ் கூட ஆடினதாலதான் ஜெயிச்சாங்கன்னு சொல்றாங்களே?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். தேதியைப் பார்த்தாலே பதில் கிடைத்துவிடும். ஹிங்கிஸோடு சேர்ந்தது 2015 மார்ச்சில். அதற்கு முன்பே சானியாவிடம் மூன்று கலப்பு கிராண்ட்ஸ்லாம்கள் இருந்தன. 2011 பிரெஞ்சு ஓப்பன் பெண்கள் இரட்டையர் இறுதியை எலெனா வெஸ்னினாவோடு ஆடியிருந்தார். 2014 ஆண்டிறுதி டபிள்யூ.டி.ஏ. ஃபைனல்ஸ் பட்டத்தை ஜிம்பாப்வேயின் காரா பிளாக்குடன் சிங்கப்பூரில் வென்றிருந்தார், அதுவும் இறுதியில் 6-1, 6-0.

ஹிங்கிஸ் வந்ததும் ஆட்டம் இன்னொரு உயரத்துக்குப் போனது என்பது உண்மை, அதை யாரும் மறுக்கவில்லை. சானியா பின்னாலிருந்து அடித்து எதிரணியைத் திணறடிப்பார், ஹிங்கிஸ் வலையில் அந்தப் பந்து எங்கே வரும் என்று முன்கூட்டியே போய் நிற்பார். இண்டியன் வெல்ஸ், மயாமி, சார்ல்ஸ்டன் என்று சேர்ந்து ஆடிய முதல் மூன்று போட்டிகளிலும் கோப்பை. முதல் இரண்டில் ஒரு செட்கூட விடவில்லை. 2015 ஆகஸ்டுக்குப் பிறகு 2016 பிப்ரவரி வரை தொடர்ச்சியாக 41 ஆட்டங்களில் வெற்றி. சேர்ந்து மொத்தம் 14 பட்டங்கள். இதையெல்லாம் ஒருவர் சுமந்து இன்னொருவர் சவாரி செய்து எடுக்க முடியாது, இரட்டையரில் எதிரணி எப்போதுமே பலவீனமானவரைத் தேடித்தான் அடிக்கும்.

2015 விம்பிள்டன் இறுதியில அப்படி என்ன நடந்துச்சு?

எதிரே ரஷ்யாவின் மகரோவா, வெஸ்னினா. ஆமாம், மேலே சொன்ன அதே வெஸ்னினா. முதல் செட் 5-7. இரண்டாவது செட்டை டை-பிரேக்கில் எடுத்துப் பிழைத்தார்கள். மூன்றாவதில், விம்பிள்டனில் அது முழு செட்தான், 2-5 என்று பின்தங்கினார்கள். இன்னும் ஒரு கேம் போனால் கதை முடிந்தது.

அங்கிருந்து ஒவ்வொன்றாக மீட்டு 5-5. அதற்குள் இருட்டிவிட்டது, ஆட்டத்தை நிறுத்தி சென்டர் கோர்ட்டின் கூரையை மூடி விளக்குப் போட்டார்கள். அந்த இடைவெளி யாருக்கு உதவும் என்று அப்போது யாராலும் சொல்ல முடியாது, வேகம் பிடித்து வந்தவர்களுக்கு அது பாதகமாகக்கூடப் போகலாம். திரும்பி வந்து இரண்டு கேமையும் எடுத்தார்கள். 5-7, 7-6, 7-5. விம்பிள்டன் பெண்கள் இரட்டையர் கோப்பையில் முதல் முறையாக ஒரு இந்தியப் பெண்ணின் பெயர். ஹிங்கிஸுக்கு அது விம்பிள்டனில் பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த பட்டம்.

ஜோடியாத்தானே ஆடுறாங்க, நம்பர் ஒன் எப்படி ஒருத்தருக்கு மட்டும் கிடைக்கும்?

இரட்டையர் தரவரிசை ஜோடிக்கு அல்ல, தனி ஆளுக்கு. கடைசி 52 வாரங்களில் யாரோடு சேர்ந்து வாங்கிய புள்ளியாக இருந்தாலும் அது உங்கள் கணக்கில்தான் இருக்கும். சானியா 2014-இல் காரா பிளாக்கோடு வாங்கிய புள்ளிகளும் கையில் இருந்ததால் சார்ல்ஸ்டன் பட்டத்துக்குப் பிறகு, 2015 ஏப்ரல் 13 அன்று, அவர் முதலிடத்துக்குப் போனார். எல்லாம் ஹிங்கிஸால்தான் என்ற கேள்விக்கு இதுவும் ஒரு பதில்.

அடுத்த ஆண்டு தொடக்கத்தில் ஹிங்கிஸும் அதே இடத்தைப் பகிர்ந்துகொண்டார். 2017 ஜனவரி வரை மொத்தம் 91 வாரங்கள் சானியா முதலிடத்தில் இருந்தார்.

அவ்வளவு ஜெயிச்சவங்க ஏன் பிரிஞ்சாங்க? சண்டையா?

சண்டை என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. 2016-இல் முடிவுகள் சறுக்கத் தொடங்கின. பிரெஞ்சு ஓப்பனையும் வென்றிருந்தால் நான்கு பட்டங்களும் ஒரே நேரத்தில் கையில் இருந்திருக்கும், ஆனால் மூன்றாவது சுற்றிலேயே கிரெஜ்சிகோவா, சினியாகோவா என்ற இரண்டு செக் இளம்பெண்கள் வெளியே அனுப்பினார்கள். அந்த இரண்டு பேருமே பின்னாளில் இரட்டையரில் உலக முதலிடத்துக்குப் போனார்கள். ஆகஸ்டில் பிரிந்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால் பிரிந்த கையோடு சின்சினாட்டி இறுதியில் எதிரெதிரே வந்தார்கள். சானியாவும் பார்பரா ஸ்டிரைகோவாவும் வென்றார்கள், முதலிடமும் சானியாவுக்கு மட்டும் என்றானது. அதற்கு முன்பு அதே ஆண்டு பிரெஞ்சு ஓப்பன் கலப்பு இரட்டையர் இறுதியில் ஹிங்கிஸும் லியாண்டர் பயஸும் சேர்ந்து சானியா, இவான் டோடிக் ஜோடியை வென்றிருந்தார்கள், அதனால் கணக்கு நேர். ஆண்டிறுதிப் போட்டிக்கு இருவரும் மறுபடி சேர்ந்தும் ஆடினார்கள்.

இவ்வளவு இருந்தும் ஒலிம்பிக் பதக்கம் இல்லையே, அது ஏன்?

நான்கு ஒலிம்பிக், பதக்கம் இல்லை. 2008 மணிக்கட்டோடு போனது. 2012 லண்டனில் ஆண்கள் ஜோடி விஷயத்தில் பூபதி, பயஸ் தகராறு வந்து, அதைத் தீர்க்க சானியாவைப் பயஸுக்குக் கலப்பு இரட்டையர் ஜோடியாகப் போட்டார்கள். தன்னைத் தூண்டிலாக வைத்து ஆட்களைச் சமாதானப்படுத்துகிறார்கள் என்று அவர் பகிரங்கமாக எழுதினார். கேட்டுவிட்டு ஆடவும் செய்தார், காலிறுதியோடு சரி.

நெருங்கி வந்தது 2016 ரியோதான். ரோஹன் போபண்ணாவோடு அரையிறுதி, முதல் செட் 6-2. வீனஸ் வில்லியம்ஸும் ராஜீவ் ராமும் அடுத்த செட்டை எடுத்து டை-பிரேக்கில் முடித்துவிட்டார்கள். வெண்கலத்துக்கான ஆட்டத்திலும் தோல்வி, நான்காவது இடம். ஆசிய விளையாட்டில் நிலைமை வேறு, 2006 தோஹாவிலும் 2014 இஞ்சியோனிலும் கலப்பு இரட்டையர் தங்கம் வாங்கியிருக்கிறார்.

உடை, கொடி, கல்யாணம்னு எப்பவும் ஏதாவது சர்ச்சை. அதெல்லாம் ஆட்டத்தைப் பாதிச்சதா?

பாதித்தது. 2005-இல் குட்டைப் பாவாடைக்கு மதத் தரப்பிலிருந்து எதிர்ப்பு. 2008 தொடக்கத்தில் ஒரு புகைப்படத்தில் அவர் கால் தேசியக் கொடியை நோக்கி இருப்பதாகச் சொல்லி வழக்கு. விளையாட்டையே விட்டுவிடலாமா என்று யோசித்ததாக அவரே சொன்னார், அந்த ஆண்டு பெங்களூர் போட்டியையும் தவிர்த்தார். 2010-இல் பாகிஸ்தான் கிரிக்கெட் வீரர் ஷோயிப் மாலிக்கைக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு எந்த நாட்டுக்கு ஆடுவார் என்று கேட்டவர்கள் எத்தனையோ பேர். கடைசி வரை இந்தியாவுக்குத்தான் ஆடினார். மற்றபடி அவருடைய குடும்ப விஷயம் இந்தப் பக்கத்தில் தேவையில்லை.

குழந்தை பிறந்து ரெண்டு வருஷம் ஆடாதவங்க எப்படி நேரா பெரிய போட்டிக்குள்ள வர முடிஞ்சது?

மகன் பிறந்தது 2018 அக்டோபரில். 52 வாரக் கணக்கு என்பதால் புள்ளிகள் எல்லாம் காலாவதியாகியிருக்கும். ஆனால் பிரசவத்துக்குப் போகும் ஆட்டக்காரர்கள் தங்கள் பழைய தரவரிசையைக் குறிப்பிட்ட எண்ணிக்கையிலான போட்டிகளுக்குப் பயன்படுத்தலாம் என்று டபிள்யூ.டி.ஏ.வில் விதி இருக்கிறது, 2019 முதல் அதைக் குழந்தை பிறந்து மூன்று ஆண்டு வரை என்று தளர்த்தினார்கள்.

போட்டிக்குள் நுழையத்தான் விதி உதவும். 26 கிலோ எடையைக் குறைத்தது அவர். 2020 ஜனவரியில் ஹோபார்ட்டில் நாடியா கிச்சனோக்கோடு திரும்பி வந்த முதல் போட்டியிலேயே பட்டம்.

எவ்வளவு சம்பாதிச்சிருப்பாங்க?

பரிசுத்தொகை மட்டும் 70 லட்சம் டாலருக்கு மேல். விளம்பர வருமானம் தனி. கேட்கப் பெரிதாக இருக்கும், ஆனால் இது இருபது ஆண்டுக் கணக்கு, பயிற்சியாளர், உடற்பயிற்சி நிபுணர், விமானம், ஓட்டல், வரி எல்லாம் இதிலிருந்துதான். இரட்டையருக்குக் கொடுப்பதும் குறைவு. மேலே சொன்ன 2015 விம்பிள்டனில் ஒற்றையர் சாம்பியனுக்கு 18.8 லட்சம் பவுண்டு, இரட்டையர் சாம்பியன் ஜோடிக்கு 3.4 லட்சம் பவுண்டு, அதை இரண்டாகப் பிரிக்க வேண்டும்.

கடைசி ஆட்டம் எது? மெல்பர்ன்னு ஒரு செய்தி, துபாய்னு ஒரு செய்தி, ஹைதராபாத்னு ஒரு செய்தி.

மூன்றும் 2023-இல் நடந்தவை. கடைசி கிராண்ட்ஸ்லாம் ஜனவரியில் மெல்பர்ன், போபண்ணாவோடு கலப்பு இரட்டையர் இறுதி வரை போய் தோற்றார். கடைசி அதிகாரபூர்வப் போட்டி பிப்ரவரியில் துபாய், மேடிசன் கீஸோடு முதல் சுற்றிலேயே தோல்வி. மார்ச் 5 அன்று ஹைதராபாத் லால் பகதூர் மைதானத்தில் நடந்தது காட்சி ஆட்டம், கணக்கில் வராது. உண்மையில் 2022-ஓடு முடிப்பதாகத்தான் சொல்லியிருந்தார், முழங்கையில் காயம் பட்டு அமெரிக்க ஓப்பன் ஆட முடியாமல் போனதால் தள்ளிப்போட்டார்.

என் பொண்ணுக்கு எட்டு வயசு. இப்ப சேர்த்தா சானியா மாதிரி வரலாமா?

எட்டு தாமதம் இல்லை, தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் சானியாவின் பின்னால் முழுநேரமாக ஒரு அப்பா இருந்தார், ஜூனியர் காலத்திலேயே நாடு நாடாகப் போய் 10 ஒற்றையர், 13 இரட்டையர் பட்டங்கள் வாங்கினார். தரவரிசைப் புள்ளி வேண்டுமென்றால் போட்டி நடக்கும் ஊருக்குப் போய்த்தான் ஆக வேண்டும், அதற்குப் பெற்றோரில் ஒருவர் கூடவே போக வேண்டும். வேலையை விட்டுவிட்டு யார் போவீர்கள் என்று வீட்டில் முதலில் பேசிக்கொள்ளுங்கள். அதுவரைக்கும் வாரம் மூன்று நாள் பக்கத்துக் கோர்ட்டில் விளையாடட்டும், ஒற்றையர், இரட்டையர் இரண்டும்.